வேதாளத்தின் வினாக்களும் நம் இளைஞர் தந்த விடைகளும்

கதை நூல்கள் பலவும் படிப்போரை நோக்கி, "கேள், கேட்டு இன்புறு" என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. கேட்டவன் தன் கருத்தை உரைத்தே தீரவேண்டும். அறிந்திருந்தும் உரையானாயின் அவன் தலை வெடித்துச் சுக்குநூறாகும் என்று அச்சுறுத்தும் நூல் நாம் அறிந்த வரையில் ஒன்றே உளது. அதுவே நம் பாட்டியர் சொல்லியும் 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள் வாயிலாகவும் நம் வீடுகளிற் புகுந்த வேதாளக் கதை. வாசகர் கருத்து என்பதனைக் கதையின் உறுப்பாகவே அமைத்துக்கொண்ட இந்நூலை இக்கால இளைஞர் எவ்வாறு ஏற்கின்றனர் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையின் அமைப்பைப் பலரும் அறிவர். எனினும் சுருங்கக் கூறுதும். துறவி ஒருவன் நாள்தோறும் அரசவைக்கு வந்து ஒரு கனியை அரசனுக்குக் கையுறையாகத் தருகின்றான். ஒருநாள் அக்கனி பிளவுபட, உள்ளே மாணிக்கம் ஒளிர்கின்றது. அதற்குக் கைம்மாறாகத் துறவி வேண்டுவது ஓர் உதவி: நள்ளிரவில் சுடுகாட்டுக்குச் சென்று, மரத்தில் தொங்கும் பிணத்தை வாய்பேசாது தோளிற் சுமந்து கொணர்தல் வேண்டும். பிணத்துட் குடிகொண்ட வேதாளம் வழிநடை வருத்தம் தீர ஒரு கதை கூறி, இறுதியில் ஒரு வினா விடுக்கின்றது. விடை அறிந்தும் வாளாவிருப்பின் தலை வெடிக்கும். வாய் திறப்பின் மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரமேறும். ஆகவே கருத்துக் கூறுதலும் இழப்பு, கூறாமையும் இழப்பு. இத்தகைய இக்கட்டில் வைத்தே அரசனுடைய அறிவு அளக்கப்படுகின்றது.

வடநூலார் இம்மரத்தைச் சிம்சபை என்பர். தமிழர் அதனை முருங்கையாக்கினர். காற்றடித்தால் முறியும் முருங்கைக் கிளையில் ஒரு பிணம் எங்ஙனம் தொங்கும் என்று நம் மாணவர் ஒருவர் வினவினார். வீட்டுக் கொல்லையில் முருங்கை வளர்த்தோர் எவரும் கேட்கவேண்டிய வினாவே. ஆயினும் 'வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறியது' என்னும் பழமொழி நாவிற் படிந்துவிட்டபின் மரத்தை மாற்றுவார் யார்?

நூலின் வரலாற்றையும் சிறிது நோக்குவோம். காச்மீர தேசத்துச் சோமதேவர் பதினோராம் நூற்றாண்டில், அனந்தன் என்னும் அரசனுடைய தேவியான சூரியமதியின் பொருட்டு இயற்றிய கதாசரித்சாகரத்தினுள் இவ்விருபத்தைந்து கதைகளும் அடங்கியுள்ளன. அப்பெருநூலின் மூலம் என்று சொல்லப்படும் குணாட்டியரின் பிருகத்கதை, பைசாசம் என்னும் மொழியில் அமைந்தது என்பது மரபு. பேய்மொழியில் எழுந்ததாகக் கூறப்படும் அம்மூலம் மறைந்தொழிந்தது. அதன் வழிவந்த கொங்குவேளிரின் பெருங்கதையை நாம் பெற்றுள்ளோம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதனை 1924-ஆம் ஆண்டில் அச்சேற்றினார்.

தமிழில் வழங்கிய வேதாளக் கதையை ஆங்கிலத்திற் பெயர்த்து 1831-இல் வெளிப்படுத்தியவர் பெஞ்சமின் கை பாபிங்டன் என்பார். இவர் சென்னையில் கும்பினியாரின் பணியில் இருந்தவர். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும் 1822-இல் மொழிபெயர்த்து இலண்டனில் வெளியிட்டவர். பின்னர் மருத்துவராகி, தொண்டையினுள் குரல்வளையை நோக்குதற்குரிய கண்ணாடிக் கருவி ஒன்றை 1829-இல் மருத்துவர் கழகத்தார்முன் காட்டினார். வாய் திறவாதிருக்க முயன்று தோற்ற அரசனுடைய கதையைப் பெயர்த்தவரே மக்களின் வாயைத் திறந்து நோக்கும் கருவியையும் செய்தார் என்பது நமக்கு நகைச்சுவையாகவே தோன்றுகின்றது.

இனி நம் காலத்திற்கு வருவோம். 1947-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நாகிரெட்டியாரும் சக்கரபாணியாரும் தொடங்கிய 'அம்புலிமாமா' இக்கதைகளைச் சிறுவர்க்கு உரியன ஆக்கியது. மூலத்தில் இருந்த கதைகள் முடிந்த பின்னும், வேதாளத்தை விடுவிக்க மனமில்லாத ஆசிரியர்கள் புதுக்கதைகளைப் புனைந்து புனைந்து அதன் வாயில் இட்டனர். உருவிய வாளும் தோளிற் பிணமுமாக அரசன் நடக்கும் காட்சியைச் 'சங்கர்' எனப்பெற்ற கே. சி. சிவசங்கரன் பல்லாண்டு வரைந்தார். அவர் 2020-இல் மறைந்தார். இதழும் அதற்கு முன்னரே நின்றுவிட்டது. ஆயின் அவ்வோவியம் கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களின் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கண்ணிற் படுவதுண்டு.

கடலூருக்கும் இவ்வேதாளத்திற்கும் வேறோர் உறவும் உண்டு. சிறுகதை வேந்தராகிய புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். விருத்தாசலம் என்பது அவர் இயற்பெயர். 'வேதாளம் சொன்ன கதை' என்றும், 'கட்டிலை விட்டிறங்காக் கதை' என்றும் அவர் தம் கதைகள் இரண்டிற்குப் பெயரிட்டிருத்தலை நோக்கின், எள்ளி நகையாடுதற்கேனும் இப்பழங்கதைகள் அவருக்கு வேண்டியிருந்தன என்பது புலனாகும். கதை வாசித்தோன் கூறும் கருத்து மற்றொரு கதையாகவும் இருக்கலாம் என்பதற்கு அவரே சான்று.

சென்ற பருவத்தில் நம் மாணவர்க்கு இந்நூலிலிருந்து ஐந்து கதைகளைத் தந்தோம். அரசன் கூறும் விடைகளை நீக்கிவிட்டு, வேதாளத்தின் வினாவோடு நிறுத்தி, "நீவிரே அரசராயின் யாது கூறுவீர்?" என்று கேட்டோம். எழுதியோர் பெரும்பாலும் கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களையும் அவற்றை அடுத்த கடற்கரைச் சிற்றூர்களையும் சேர்ந்தவர். எத்தனைபேர் எவ்விடை தந்தனர் என்று எண்ணிக் கணக்கிடுதல் நம் கருத்தன்று. அரசன் விடையும் நம் இளைஞர் விடையும் எங்கே பிரிகின்றன என்பதையே நோக்கினோம்.

முதலாவது, தலை மாறிய கதை. மதனசுந்தரி என்பாளின் கணவனும் உடன்பிறந்தானும் தேவி கோயிலில் ஒருவர்பின் ஒருவராகத் தம் தலையைக் கொய்துகொள்கின்றனர். தேவி அருள்செய்து, தலைகளை உடல்களில் பொருத்துமாறு பணிக்க, அவள் பதற்றத்தால் மாற்றிப் பொருத்திவிடுகின்றாள். இருவருள் எவன் கணவன்? "தலையே உறுப்புகளுட் சிறந்தது, ஆதலின் கணவன் தலையை உடையவனே கணவன்" என்கின்றான் அரசன். அறிவியல் பயிலும் மாணவர் பலரும் இதனை ஏற்றனர். நினைவு மூளையில் உள்ளதென்பது அவர் கூறும் காரணம். 1967-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒருவர் இதயத்தை மற்றொருவர்க்கு முதன்முதல் பொருத்தினர்; இதயம் மாறியமையால் அவரை வேறொருவர் என எவரும் அழைத்திலர் என்று ஒருவர் எடுத்துக்காட்டினார். ஆயின் மாணவியர் சிலர் வினாவையே மறுத்தனர். "எவன் கணவன் என்று வேதாளத்தையும் அரசனையும் கேட்பானேன்? மதனசுந்தரி அங்கேயே நிற்கின்றாளே, அவளைக் கேட்டால் ஆகாதோ?" என்பது அவர் வாதம். இதனை நாம் எதிர்பார்த்திலேம். செருமானிய ஆசிரியர் தாமஸ் மன் 1940-இல் இக்கதையைக் குறுநாவலாக்கியபோதும், கிரீஷ் கர்னாட் 1971-இல் 'ஹயவதன' என்னும் கன்னட நாடகமாக்கியபோதும் அப்பெண்ணின் உள்ளத்தையே நடுவில் வைத்தனர் என்பதை அம்மாணவியர் அறியார். தாமே அவ்விடம் சேர்ந்தனர்.

சிங்கத்தை உயிர்ப்பித்த நால்வர் கதையில் அரசனோடு உடன்பட்டோர் மிகச்சிலர். உடன்பிறந்தார் நால்வர் வெவ்வேறு வித்தை கற்று மீள்கின்றனர். காட்டிற் கிடந்த எலும்பொன்றில் ஒருவன் தசை பொருத்த, மற்றொருவன் தோலும் மயிரும் சேர்க்க, வேறொருவன் ஏனை உறுப்புகளை நிரப்ப, கடைசியானவன் உயிர் கொடுக்கின்றான். எழுந்த சிங்கம் நால்வரையும் கொன்றுவிடுகின்றது. பழி யாருக்கு? உயிர் கொடுத்தவனுக்கே என்பது அரசன் தீர்ப்பு. ஏனையோர் தாம் ஆக்குவது யாதென அறியார், அவனோ கண்முன் சிங்கத்தைக் கண்டும் உயிரூட்டினான் என்பது நியாயம். நம் மாணவர் இந்நியாயத்தைத் தட்டிக்கழித்தனர். "உறுப்புகளைச் சேர்த்தவன் நகத்தையும் பல்லையும் பொருத்தியபோது அது பசுவென்றா எண்ணினான்?" என ஒருவர் எழுதினார். வேதியியல் மாணவர் ஒருவர், ஆய்வுக்கூடத்தில் தம் பங்கை மட்டும் முடித்துவிட்டுப் பயனைப் பிறர் தலையிற் கட்டுவோரை இக்கதை நன்கு காட்டுகின்றது என்றார். செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சிலர் எழுதியிருந்தனர். அது இந்நாளில் எக்கட்டுரையிலும் தலைகாட்டுவது, ஆதலின் விடுப்போம். பஞ்சதந்திரத்திலும் இக்கதை உண்டு. ஆங்குக் கல்வியில்லாத ஒருவன் மட்டும் மரத்தில் ஏறிப் பிழைக்கின்றான். நம் மாணவருக்கு அவனே மிகவும் பிடித்திருந்தான் என்பதை ஆசிரியராகிய நாம் வருத்தமின்றி ஏற்றல் எளிதன்று.

மூன்று நுண்ணுணர்வினர் கதையை அனைவரும் நகைத்துப் படித்தனர். ஒருவன் உண்ணும்போது சோற்றிற் பிணப்புகை நாற்றம் கண்டு ஒதுக்குகின்றான். அந்நெல் சுடுகாட்டை அடுத்த வயலில் விளைந்தது என்று பின்னர்த் தெரிகின்றது. மற்றொருவன் ஏழு மெத்தைகளின்கீழ்க் கிடந்த மயிரொன்றால் உறக்கமிழந்து உடலிற் சிவந்த தழும்பு காண்கின்றான். ஆண்டர்சன் 1835-இல் வெளியிட்ட பட்டாணிக் கதையை இது நினைவூட்டும். வீராணத்து நீர் பாயும் வயல்களை உடைய வீட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர், சுடுகாட்டை ஒட்டிய வயல் தம் ஊரிலும் உண்டென்றும், அதன் நெல்லை யாரும் ஒதுக்குவதில்லை என்றும் எழுதி முடித்தார்.

பெரிதும் மனங்கலங்கச் செய்தது வீரவரன் கதையே. அரசனுடைய ஆயுளைக் காக்க வேண்டித் தன் மகனைத் தேவிக்குப் பலியிடுகின்றான் வீரவரன் என்னும் ஊழியன். மகன் தானே உடன்படுகின்றான், தங்கையாகிய சிறுமி துயரத்தால் மாள்கின்றாள், தாய் தீப்புகுகின்றாள், வீரவரனும் தன் தலையைக் கொய்கின்றான். மறைந்திருந்து இவற்றைக் கண்ட அரசன் தானும் வாளை ஓங்கும்போது தேவி தடுத்து அனைவரையும் எழுப்பித் தருகின்றாள். இவருள் உயர்ந்தவர் யார்? ஊழியர் தலைவனுக்காக உயிர் விடுதல் முறைமையே. ஊழியனுக்காக உயிர்விடத் துணிந்த அரசனே உயர்ந்தவன் என்பது விக்கிரமாதித்தன் விடை. அரசன் கூறும் விடை அரசனை உயர்த்துவது வியப்பன்று என்று ஒருவர் குறித்திருந்தார்.

சிதம்பரத்து மாணவர் ஒருவர் சிறுத்தொண்டர் வரலாற்றை எடுத்துக்காட்டினார். சேக்கிழார் பெரியபுராணத்தைத் தில்லைக் கூத்தன் அடியெடுத்துக் கொடுக்க அவ்வூரிலேயே பாடி அரங்கேற்றினார் என்பது மரபாதலின், அவருக்கு அந்நினைவு வந்தது இயல்பே. வேறொருவர் விவிலியத்தில் ஆதியாகமத்தின் இருபத்திரண்டாம் அதிகாரத்தைச் சுட்டினார். ஆபிரகாமின் கை அங்கே தடுக்கப்படுகின்றது, இங்கே வாள் விழுந்த பின்னரே அருள் வருகின்றது என்பது அவர் கண்ட வேற்றுமை. சமயங்களை ஒப்பிட்டுத் தாழ்வு உயர்வு பேச முற்படுவரோ என நாம் அஞ்சினோம். ஒருவரும் அவ்வழி செல்லவில்லை. இரு சாராரும் ஓரிடத்தில் ஒன்றுபட்டனர்: அச்சிறுமியை ஒருவரும் கேட்கவில்லை என்பதே அது. அண்ணன் உடன்பட்டான், தாய் தெரிந்து புகுந்தாள். அவள் அழுதே மாண்டாள். வேதாளம் உயர்ந்தவர் யாரென வினவி வரிசைப்படுத்தும்போதும் அவள் பெயர் அவ்வரிசையில் இல்லை. நாம் இக்கதையைப் பலகால் படித்தும் பிறர்க்குச் சொல்லியும் வந்துள்ளோம். அச்சிறுமி இவ்வளவு பெரிதாகத் தோன்றியது மாணவர் தாள்களைப் படித்த பின்னரே.

இனி இந்நூலைப் பற்றிய பழைய குற்றச்சாட்டு ஒன்றை நோக்குவோம். சுடுகாடும் பிணமும் பேயும் நிறைந்த கதைகளை இளையோர் கையில் தரலாமோ என்று பெற்றோர் கேட்பதுண்டு. நம்மைப் போன்ற சபைக் கல்விச்சாலைகளில் இவ்வினா இன்னும் வன்மையாக எழுந்திருத்தல் கூடும். இதனை வெறும் அச்சமென்று தள்ளுதல் நேர்மையாகாது. மணிமேகலையிலேயே, சக்கரவாளக் கோட்டத்திற் புகுந்து பேயைக் கண்டு நடுங்கித் தாயிடம் ஓடிவந்து உயிர்விட்ட சார்ங்கலன் என்னும் சிறுவனுடைய வரலாறு உண்டு. பேயைக் கண்ட சிறுவன் மாள்வான் என்பதும் ஒரு கதையே, அதனையும் நம் முன்னோர் கதையாகவே சொல்லினர் என்பதும் கருதத்தக்கன.

ஆயின் கடலூர்க் கரையைச் சேர்ந்த மாணவி ஒருவர் எழுதிய விடை நம் கருத்தை வேறு பக்கம் திருப்பிற்று. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதலிய குப்பங்களிலும், தெற்கே பிச்சாவரத்தை அடுத்த தீவுச் சிற்றூர்களிலும் புகுந்து அழிவு செய்ததை யாவரும் அறிவோம். இக்கால மாணவர் அன்று பிறக்கவில்லை, பிறந்திருந்தாலும் கைக்குழந்தைகள். அவர் பெற்றோரோ கண்டவர்கள். அம்மாணவி எழுதியது இது: தம் தந்தையார் அந்நாளில் தாம் அறியாதவர் உடல்கள் சிலவற்றைக் கரையிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் சேர்த்தவர், அதைப் பற்றி வீட்டில் அவர் பேசுவதில்லை, வேதாளக் கதையின் படத்தைக் கண்டபோது, பிணத்தைத் தோளிலிட்டு ஒருவன் நடப்பது தமக்குப் பேய்க்கதையாகத் தோன்றவில்லை, அவன் எத்தனை முறை நழுவவிட்டாலும் திரும்பச் சென்று எடுத்துக்கொள்கின்றான் என்பதே தமக்குத் தோன்றியது.

இதனை நாம் வகுப்பில் படித்துக் காட்டவில்லை. அவர் ஒப்புதல் பெற்று, அவர் இன்னார் என்று விளங்காதவாறு ஈண்டுக் குறித்தோம். இளையோர் அஞ்சுவர் என்று முதியோர் மறைக்கும் பொருளை இளையோர் வீட்டிலேயே முன்னர் அறிந்திருத்தல் கூடும். அதனைப் பற்றிப் பேச ஒரு வழிதான் அவர்க்கு இல்லை. சுடுகாட்டைப் பற்றிப் பேசும் கதை அவ்வழியைத் தருமாயின், அதனைப் பூட்டி வைத்தலினும் திறந்து வைத்தல் நன்றென்பது நம் துணிபு. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு வீரவரன் கதை வேண்டா என்பதையும் சேர்த்தே கூறுகின்றோம்.

எஞ்சியிருப்பது கடைசிக் கதை. அரசன் விடை கூறாத கதையும் அதுவே. தந்தையும் மகனும் காட்டில் இரு மகளிரின் அடிச்சுவடுகளைக் காண்கின்றனர். பெரிய அடியினளைத் தந்தையும் சிறிய அடியினளை மகனும் மணப்பதென்று உறுதி செய்துகொள்கின்றனர். நெருங்கிப் பார்த்தால் பெரிய அடி மகளுடையது, சிறிய அடி தாயுடையது. சொல்லை மாற்றாமல் தந்தை மகளையும், மகன் தாயையும் மணக்கின்றனர். இவ்விரு மணத்திலும் பிறந்த பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் யாது முறை?

வடநாட்டு அரசன் இதற்கு வாயடைத்து நின்றான். உறவுமுறை பேசுவதில் வல்ல நம் நாட்டு மாணவர் அவ்வாறு நிற்கவில்லை. தாளின் இருபுறமும் கோடு கிழித்து வழக்காடினர். நாமும் கணக்கிட்டுப் பார்த்தோம். தந்தைக்குப் பிறந்த பிள்ளை, மகனுக்குத் தந்தைவழித் தம்பி. ஆகவே மகன் பெற்ற பிள்ளைக்கு அவன் சிற்றப்பன். ஆயின் மகன் பெற்ற பிள்ளையோ, தந்தை மணந்த பெண்ணுக்குத் தாய்வழித் தம்பி. ஆகவே முன்னவனுக்கு அவன் தாய்மாமன். ஒருவன் மற்றவனுக்குச் சிற்றப்பன். மற்றவன் இவனுக்கு மாமன். இருவரும் ஒருவரையொருவர் கண்டால் எழுந்து நிற்க வேண்டியவர். எவர் முதலில் அமர்வது?

இவ்வளவோடும் நிற்கவில்லை. தந்தைக்குப் பிறந்தது பெண்ணாயின் சிக்கல் பெருகும். அப்பெண்ணுக்கு மற்றவன் தாய்மாமன். மாமன் அக்காள் மகளை மணத்தல் நம் நாட்டிற் பல குடிகளில் வழங்கிய முறை. அதே வேளையில் அவனுக்கு அவள் அத்தை. அத்தையை மணத்தல் ஒருநாளும் முறையன்று. ஒரே இருவர் அப்பெண்ணின் பக்கமிருந்து நோக்கின் மணமுறையினர், ஆணின் பக்கமிருந்து நோக்கின் மணக்கலாகாதவர். சிதம்பரத்து மாணவர் ஒருவர் இதனைத் தம் பாட்டியாரிடம் கேட்டதாகவும், அவர் சிறிது நேரம் விரல்விட்டு எண்ணிவிட்டு, "முதலில் அந்தக் கலியாணத்துக்கு யாரடா போனார்கள்?" என்று கேட்டதாகவும் எழுதியிருந்தார்.

அரசனுடைய மௌனத்தைக் கண்டு வேதாளம் மகிழ்ந்து, துறவி அவனைப் பலியிடக் கருதியதை அறிவித்துத் தப்பும் வகையையும் சொல்லிக் கொடுக்கின்றது. நம் மாணவருள்ளும் ஒருவர் ஐந்தாம் வினாவிற்கு மட்டும் வெற்றிடம் விட்டிருந்தார். விடை தெரியாமையால் விட்டாரோ, அரசனைப் பின்பற்றி விட்டாரோ என்று கேட்டோம். சிரித்தாரேயன்றி ஒன்றும் கூறிற்றிலர். எஞ்சிய இருபது கதைகளும் நூல்நிலையத்தில் உள. வரும் பருவத்தில் அவற்றையும் விடை நீக்கித் தர எண்ணியுள்ளோம். பழைய மாணவருள் விழைவோரும் தம் விடைகளை எழுதி விடுப்பாராக.